பிறந்த நாளும் பிள்ளையின் குணமும்



ஞாயிறு பூசை முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளை. ஆறு வயதுச் சிறுவன் ஒருவனைக் கையிற் பிடித்தவண்ணம் ஒரு தாய் கோவில் விறாந்தையில் எனக்காகக் காத்து நின்றார். மகன் இரண்டாந் தரத்திற் படிக்கிறான், எழுத்துப் பிடிபடவில்லை, வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை, மற்றப் பிள்ளைகள் அவனை "மொக்கன்" என்று கூப்பிடுகிறார்கள் என்று சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கொண்டார்.

"சுவாமி, குறை நினைக்கக் கூடாது. மச்சாள் இவன்ரை சாதகத்தைக் கொண்டுபோய்க் காட்டினவ. பிறந்த நேரம் சரியில்லையாம். படிப்பு ஏறாதாம். நாங்கள் வேதக்காரர், இதை நம்பக் கூடாது எண்டு தெரியும். ஆனால் ஒவ்வொரு நாளும் இவன் பள்ளிக்கூடத்தாலை அழுதுகொண்டு வரேக்கை, அந்த ஆள் சொன்னது சரிதானோ எண்டு மனம் அடிக்குது."

"தம்பி எப்ப பிறந்தவன்?" என்று கேட்டேன்.

"தை மாசம் இருபத்தெட்டு, சுவாமி."

அத்திகதியைக் கேட்டதும் எனக்கு ஒரு விடயம் விளங்கிற்று. சாத்திரியார் சொன்னதில் உண்மை இல்லை. ஆயினும் அப்பிள்ளை பிறந்த திகதிக்கும் அவன் வகுப்பிற் படும் பாட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கவே செய்தது. அது எத்தகைய தொடர்பு என்பதை இவ்வாரம் சற்று விரிவாக ஆராய்வோம். ஏனெனில் இத்தாயின் மனக்கலக்கம் எமது கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் வெளியே சொல்லாமல் மூடி வைக்கப்பட்டிருக்கும் ஒன்று.

மூன்று கேள்விகள்

"பிறந்த நாள் ஒருவனுடைய குணத்தைப் பாதிக்குமா?" என்பது ஒரே கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அதனுள் மூன்று கேள்விகள் அடங்கியுள்ளன.

முதலாவது: பிறந்த வேளையிற் கோள்கள் நின்ற நிலை எமது குணத்தையும் விதியையும் தீர்மானிக்கின்றதா?

இரண்டாவது: பிறந்த பருவகாலம், அதாவது வெயில், மழை, குளிர், உணவு, நோய் ஆகியவை, குழந்தையின் உடலில் ஏதேனும் தடத்தைப் பதிக்கின்றதா?

மூன்றாவது: பிறந்த திகதியை அடிப்படையாக வைத்து மனிதர் வகுத்திருக்கும் ஒழுங்குகள் பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிக்கின்றனவா?

இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக் கொள்வதனாலேதான் "ஏதோ இருக்கத்தானே வேண்டும்" என்று பலர் சொல்லிக் கொள்கிறார்கள். ஆதலால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. கோள்கள் குணத்தைத் தருகின்றனவா?

1985-ம் ஆண்டு அமெரிக்கப் பௌதிக விஞ்ஞானி சோன் கார்ல்சன் என்பவர் "நேச்சர்" என்ற விஞ்ஞான இதழில் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். சோதிடத்தில் தேர்ந்தவர்கள் என்று சோதிடர்களே ஏற்றுக்கொண்ட 28 பேர் அதிற் பங்குபற்றினர். ஒருவருடைய சாதகத்தை அவர்களிடம் கொடுத்து, மூன்று மனிதரின் குண விபரங்களையும் உடன் வைத்து, இவற்றுள் சாதகக்காரருக்கு உரியது எது என்று கேட்கப்பட்டது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் மூன்றில் ஒரு முறை சரி வரும். தாங்கள் பாதிக்குப் பாதியாவது சரியாகச் சொல்வோம் என்று சோதிடர்கள் எதிர்பார்த்தனர். கிடைத்ததோ மூன்றில் ஒன்றுதான்.

அப்படியானால் சாதகம் கேட்கப் போனவர்கள் "அப்படியே புட்டுப் புட்டு வைத்தார்" என்று வியந்து வருவது எப்படி? இதற்கும் விடை உண்டு. 1948-ம் ஆண்டு அமெரிக்க உளநூல் ஆசிரியர் பேட்றம் போரர் தமது மாணாக்கர் 39 பேருக்கு ஒரு குணப் பரீட்சை வைத்து, பின்னர் ஒவ்வொருவருக்கும் அவரவர் குணத்தை எழுதிய தாளைக் கொடுத்தார். அது எவ்வளவுக்குப் பொருந்துகிறது என்று 5-க்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரியாகக் கிடைத்த புள்ளி 4.26. பிறகுதான் மாணாக்கருக்குத் தெரிந்தது, எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள் என்று. அதிலிருந்த வசனங்களிற் பலவற்றை அவர் கடையில் விற்கும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்தே எடுத்திருந்தார்.

பிரான்சு தேசத்து ஆராய்ச்சியாளர் மிஷேல் கோக்லேன் இன்னும் ஒருபடி மேலே போனார். இலவசமாகச் சாதகம் கணித்து அனுப்பப்படும் என்று பத்திரிகையில் விளம்பரஞ் செய்து, எழுதிக் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே சாதகத்தை அனுப்பினார். பதில் எழுதியவர்களில் 100-க்கு 94 பேர் அது தமக்கு மிகச் சரியாகப் பொருந்துகிறது என்றனர். அது யாருடைய சாதகம்? யுத்த காலத்தில் தப்பியோட வழி செய்து தருவதாகச் சொல்லி மக்களை வீட்டுக்கு அழைத்துக் கொன்று, 1946-ம் ஆண்டு மரண தண்டனை பெற்ற வைத்தியர் பெற்றியோ என்ற கொலைகாரனுடையது!

எமது வழக்கத்துக்கு வருவோம். கலியாணப் பேச்சுக்களைக் குழப்புவதில் முதலிடம் பெறுவது செவ்வாய்க் குற்றம். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களிற் செவ்வாய் நின்றால் குற்றம் என்பது பொதுவான விதி. மொத்தம் இருப்பது 12 இடங்கள். அவற்றுள் 5 குற்றமுள்ளவை எனில், உலகிற் பிறக்கும் மக்களில் 100-க்கு 40 பேருக்கு மேல் குற்றமுள்ளவர்களாகிறார்கள். இது மிக அதிகம் என்பது சோதிடருக்கே தெரிந்தபடியாற்போலும், விலக்குகளும் பரிகாரங்களும் ஏராளமாகச் சொல்லப்படுகின்றன. இதை நம்பி எத்தனை நல்ல சம்பந்தங்கள் கைநழுவிப் போயின! எத்தனை பெண்பிள்ளைகள் தாம் செய்யாத குற்றத்துக்காகத் தலைகுனிந்து வீட்டில் இருந்தார்கள்!

மேலைத்தேசச் சோதிடமும் எமது பஞ்சாங்கமும் தம்முள் ஒத்துப்போவதுமில்லை. மே 5-ம் திகதி பிறந்தவனுக்குச் சூரியன் இடப இராசியில் என்கிறது ஆங்கிலப் பத்திரிகை. அது சித்திரை மாதம், சூரியன் மேடத்தில் என்கிறது பஞ்சாங்கம். ஒரே குழந்தைக்கு இரு வேறு குணங்கள்!

சாதகம் செய்யும் உண்மையான பாதிப்பு

ஆனால் ஒன்றை மறுப்பதற்கில்லை. சாதகம் சில வேளைகளில் "பலிக்கிறது". அது எவ்வாறு என்பதைக் கவனியுங்கள்.

1978-ம் ஆண்டு பிரித்தானிய உளநூல் அறிஞர் ஹான்ஸ் ஐசென்க் சோதிடர் ஒருவருடன் சேர்ந்து வெளியிட்ட ஆராய்ச்சியில், சில இராசிக்காரர் கலகலப்பானவர்கள், வேறு சில இராசிக்காரர் ஒதுங்கி இருப்பவர்கள் என்று சோதிட நூல்கள் சொல்வதற்கு ஆதரவு கிடைத்தது போலிருந்தது. சோதிடர் மகிழ்ந்தனர். ஆனால் மேலும் ஆராய்ந்தபோது உண்மை வெளிவந்தது. தம் இராசிக்குச் சொல்லப்பட்ட குணம் இன்னதென்று முன்பே அறிந்திருந்தவர்களிடம் மட்டுமே அத்தொடர்பு காணப்பட்டது. அறியாதவர்களிடம் அது இருக்கவில்லை. "நீ இப்படிப்பட்டவன்" என்று கேள்விப்பட்டவர்கள், தம்மை அப்படியே எண்ணத் தலைப்பட்டிருந்தனர்.

பெற்றோரே, இதை ஒரு கணம் சிந்தியுங்கள். நன்கு வளர்ந்தவர்களே தம்மைப்பற்றிப் பிறர் எழுதியதை நம்பி அதற்கேற்பத் தம்மை நினைப்பார்களாயின், "இவனுக்குப் படிப்பு ஏறாது", "இவள் பிறந்த பிறகுதான் தகப்பனுக்குத் தொழில் படுத்தது", "சித்திரையிற் பிறந்தது குடிக்கு ஆகாது" என்றெல்லாம் அறியாப் பருவத்திலிருந்தே கேட்டு வளரும் ஒரு பிள்ளையின் நிலை என்ன? அப்பிள்ளை படிப்பைக் கைவிட்டால் "சாத்திரம் பலித்தது" என்கிறோம். அதைப் பலிக்கச் செய்தவர்கள் நாமே அன்றோ?

2. பிறந்த பருவகாலம்

இனி இரண்டாவது கேள்வி. இதற்கு விடை: ஓரளவுக்கு ஆம். ஆனால் அது குணத்தைப் பற்றியதல்ல, பெரும்பாலும் உடல்நலத்தைப் பற்றியது.

2001-ம் ஆண்டு டொப்ல்ஹாமர், வோப்பெல் என்னும் இரு ஆராய்ச்சியாளர் ஒஸ்திரியா, டென்மார்க், அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளில் இறந்தவர்களின் வயதையும் பிறந்த மாதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஐரோப்பிய நாடுகள் இரண்டிலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள், ஏப்ரில் முதல் யூன் வரை பிறந்தவர்களிலும் பார்க்கச் சற்று நீண்டகாலம் வாழ்ந்திருந்தனர். வித்தியாசம் சில மாதங்கள்தான். அவுஸ்திரேலியாவில் இந்த ஒழுங்கு ஆறு மாதம் தள்ளித் தலைகீழாக இருந்தது. அங்கே பருவகாலமும் தலைகீழ் அல்லவா? ஆனால் பிரித்தானியாவிற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறி அங்கே இறந்தவர்களிடம் ஐரோப்பிய ஒழுங்கே காணப்பட்டது. ஆகவே இதன் காரணம் தாயின் கர்ப்பகாலத்திலும் பிறந்த முதல் மாதங்களிலும் கிடைத்த உணவும், தாக்கிய நோய்களுமே என்று அவர்கள் கருதினர். இராசியே காரணமாயின், மேட இராசிக்காரன் உலகின் எப்பாகத்திலும் மேட இராசிக்காரன்தானே!

மேற்கு ஆபிரிக்காவிலுள்ள கம்பியா நாட்டுக் கிராமங்கள் சிலவற்றில் 1949-ம் ஆண்டு முதல் பிறப்பு இறப்புக் கணக்குகள் கவனமாக எழுதப்பட்டு வந்தன. 1997-ம் ஆண்டு அவற்றை ஆராய்ந்தபோது ஒரு துயரமான உண்மை தெரிந்தது. அங்கே மழைக்காலம் பஞ்சகாலம். பழைய தானியம் தீர்ந்துவிடும், புதிய விளைச்சல் இன்னும் வராது, வயல்வேலையோ கடுமையாக இருக்கும். அப்பஞ்சகாலத்தை ஒட்டிப் பிறந்தவர்கள், விளைச்சற் காலத்திற் பிறந்தவர்களிலும் பார்க்க இளம் பருவத்திலே இறக்கும் அபாயம் பத்து மடங்கு வரை அதிகமாயிருந்தது. எல்லா நாடுகளிலும் இது இவ்வாறே காணப்படவில்லை. ஆயினும் கர்ப்பிணித் தாய் பட்டினி கிடந்தால் அதன் கணக்கைப் பிள்ளை பின்னாளில் தீர்க்க நேரிடலாம் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இன்னோர் உதாரணம். 1941-ம் ஆண்டு அவுஸ்திரேலியக் கண்வைத்தியர் நோர்மன் கிரெக், ஒரே காலப் பகுதியிற் பிறந்த குழந்தைகள் பலரின் கண்களில் வெண்படலம் இருப்பதைக் கண்டார். "கெட்ட காலத்திற் பிறந்தவர்கள்" என்று அவர் விட்டுவிடவில்லை. தாய்மாரை விசாரித்தார். அவர்களிற் பெரும்பாலோர் கருவுற்ற ஆரம்ப காலத்தில் ஜேர்மன் சின்னமுத்து நோய் கண்டிருந்தனர். அன்று அவர் கேட்ட கேள்வியின் பயனாகவே இன்று தடுப்பூசி மூலம் அக்கேட்டைத் தவிர்க்க முடிகிறது.

சாத்திரியார் பிறந்த நேரத்தைக் கேட்டு "விதி" என்று முடிக்கிறார். வைத்தியர் பிறந்த காலத்தைக் கேட்டு "காரணம் என்ன?" என்று தொடங்குகிறார். விதிக்குப் பரிகாரம் செய்து பணந்தான் கரையும். காரணம் தெரிந்தால் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றலாம்.

குணம், புத்தி ஆகியவற்றின் நிலை என்ன? 2006-ம் ஆண்டு வெளியான ஓர் ஆராய்ச்சியில் அமெரிக்கரான 15,000-க்கும் மேற்பட்டோரின் பிறந்த திகதியையும் அவர்களுடைய குண இயல்பு, புத்திக்கூர்மை பற்றிய பரீட்சை முடிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தொடர்பு எதுவும் தென்படவில்லை. வடதேசங்களில் மாசி, பங்குனியை ஒட்டிப் பிறந்தவர்களிடையே ஒருவகைக் கடும் மனநோய் சற்று அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அவ்வித்தியாசம் 100-க்கு 5 முதல் 8 வரையே. அந்நோயோ மிகச் சிலருக்கே வருவது. எனவே தனிப்பட்ட ஒரு பிள்ளையைப்பற்றி அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. மேலும், டென்மார்க்கிற் கோடைகாலப் பகல் ஏறத்தாழ 17 மணி நேரம், குளிர்காலப் பகல் 7 மணி நேரம். யாழ்ப்பாணத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேரத்தைச் சற்று மிஞ்சிய வித்தியாசமே உண்டு. அவர்களுடைய மாதக் கணக்கை எமது பிள்ளைகள் மேற் பொருத்துவது தகாது.

3. பாடசாலை வரிசையும் பிறந்த திகதியும்

இப்பொழுது அத்தாயின் மகனிடம் வருவோம். இக்கட்டுரையில் முக்கியமான பகுதி இதுவே.

எமது நாட்டில், ஜனவரி 31-ம் திகதிக்கு ஐந்து வயது பூர்த்தியான பிள்ளை அவ்வருடம் முதலாந் தரத்திற் சேர்க்கப்படுகின்றது. ஜனவரி 28-ல் பிறந்த இப்பையன் ஐந்து வயது நிரம்பிய கையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனான். பெப்ரவரி 1-ல் பிறந்த அயல்வீட்டுப் பிள்ளையோ, ஒருநாள் பிந்தியதால் முந்திய வருடம் சேர முடியாமல், ஏறத்தாழ ஆறு வயதில் அதே வகுப்பில் வந்து அமர்ந்தது. இருவரும் ஒரே வாங்கில். ஒரே கரும்பலகை. ஒரே பரீட்சை. ஆனால் வயதில் ஒரு வருட வித்தியாசம்.

அறுபது வயதுக்காரருக்கு ஒரு வருடம் பெரிதல்ல. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது வாழ்ந்த வாழ்வில் ஐந்தில் ஒரு பங்கு. கைவிரல் பென்சிலுக்குப் பழகுவதும், ஓரிடத்தில் அடங்கி இருப்பதும், சொல்வதைக் கேட்டு மனதில் வைப்பதும் மாதத்துக்கு மாதம் வளரும் காலம் அது.

2006-ம் ஆண்டு பெடார்ட், டூயி என்னும் இரு பொருளியலாளர் பல நாடுகளின் கணித, விஞ்ஞானப் பரீட்சை முடிவுகளை எடுத்துப் பார்த்தனர். நாலாந் தரத்தில், வகுப்பில் மிக இளையவர்கள் மிக மூத்தவர்களிலும் பார்க்க, 100 பேர் நிற்கும் வரிசையில் 4 முதல் 12 இடம் வரை பின்னால் நின்றனர். எட்டாந் தரத்தில் அது 2 முதல் 9 இடம் வரை. வளர வளர இடைவெளி குறைகிறது. ஆனால் முற்றாக மறையவில்லை. ஏன் மறையவில்லை? "கெட்டிக்காரன்" என்று முதல் வருடத்திலேயே பெயர் எடுத்தவனுக்கு ஊக்கமும் பரிசும் கிடைக்கின்றன. "மொக்கன்" என்று பெயர் எடுத்தவன் முயற்சியைக் கைவிடுகிறான். வயது வித்தியாசம் தேய்ந்து போகிறது, பெயர் ஒட்டிக்கொள்கிறது.

கனடா நாட்டில் இது விளையாட்டிற் காணப்பட்டது. அங்கே சிறுவர்களைப் பனித்தரை ஹொக்கி விளையாட்டுக்கு ஜனவரி 1-ம் திகதியை எல்லையாக வைத்து வயதுவாரியாகப் பிரிப்பார்கள். றொஜர் பார்ன்ஸ்லி என்ற உளநூல் அறிஞரும் உடனுழைத்தவர்களும் 1985-ம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், சிறந்த ஆட்டக்காரர்களிடையே வருடத்தின் முதல் மாதங்களிற் பிறந்தவர்கள் மிக அதிகமாகவும், கடைசி மாதங்களிற் பிறந்தவர்கள் மிகக் குறைவாகவும் இருக்கக் கண்டனர். ஜனவரிப் பிள்ளை எட்டு வயதில் சற்று உயரமாகவும் பலமாகவும் இருக்கிறது. அதனால் தெரிவு செய்யப்படுகிறது. தெரிவானதால் நல்ல பயிற்சி பெறுகிறது. பயிற்சி பெற்றதால் உண்மையிலேயே சிறந்துவிடுகிறது. எல்லைத் திகதியை யூலைக்கு மாற்றினால் யூலைப் பிள்ளைகள் சிறந்துவிடுவார்கள். இதிற் கோள்களுக்கு வேலையே இல்லை.

மனவருத்தம் தருவது வேறொன்று. ஓரிடத்தில் இருக்காமலும் கவனம் நில்லாமலும் துடிக்கும் பிள்ளைகளுக்கு அமெரிக்க வைத்தியர்கள் ஒரு நோயின் பெயர் சொல்லி மருந்து கொடுப்பதுண்டு. செப்டெம்பர் 1-ம் திகதி பாடசாலை எல்லையாக உள்ள மாநிலங்களில், ஓகஸ்டிற் பிறந்து வகுப்பில் மிக இளையவர்களாய் இருக்கும் பிள்ளைகள், செப்டெம்பரிற் பிறந்து மிக மூத்தவர்களாய் இருக்கும் பிள்ளைகளிலும் பார்க்க 100-க்கு 34 என்ற அளவில் அதிகமாக அந்நோயாளர் பட்டியலிற் சேர்க்கப்பட்டதாக 2018-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. செப்டெம்பர் எல்லை இல்லாத மாநிலங்களில் அந்த வித்தியாசம் இல்லை. அந்நோய் உண்மையானதே, மருந்து தேவைப்படும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஒரு சிலருக்கு நோய் எனக் கொள்ளப்பட்டது, வெறுமனே வயதுக் குறைவாக இருந்திருக்கலாம்.

திருச்சபையின் போதனை

புனித அகுஸ்தீனார் தமது வாலிப வயதிற் சோதிடத்தில் மிகவும் ஈடுபட்டிருந்தார். விண்டிசியானுஸ் என்ற வயோதிப வைத்தியர் புத்தி சொல்லியும் கேட்கவில்லை. பின்னர் அவருடைய மனதை மாற்றியது ஒரு நண்பர் சொன்ன செய்தி. பிர்மினுஸ் என்ற அந்நண்பரின் தந்தையும் அவருடைய தோழரும் சோதிடப் பிரியர்கள். நண்பரின் தாய் அவரைப் பெற்ற அதே கணத்திலேயே, தோழரின் வீட்டு அடிமைப் பெண்ணும் ஒரு பிள்ளையைப் பெற்றாள். இரு வீடுகளிலிருந்தும் ஆள் அனுப்பி நேரத்தைச் சரிபார்த்தார்கள், இம்மியும் பிசகவில்லை. இரு பிள்ளைகளுக்கும் ஒரே சாதகம். ஆனால் ஒருவர் செல்வத்திலும் மதிப்பிலும் வளர்ந்தார். மற்றவன் அடிமையாகவே உழைத்தான். அகுஸ்தீனார் இதைத் தமது "பாவசங்கீர்த்தனம்" என்ற நூலின் ஏழாம் பாகத்தில் எழுதி, இரட்டையரான ஏசாவையும் யாக்கோபையும் எடுத்துக் காட்டுகிறார்.

அவ்வடிமைப் பிள்ளையைத் தாழ்த்தி வைத்தது வானமல்ல. மனிதர் வகுத்த ஒழுங்கு. நாம் மேலே கண்ட பாடசாலை வரிசையும் அதைப் போன்றதே. அளவிற் சிறியது, அவ்வளவுதான்.

புனித தோமஸ் அக்குவினாஸ் இவ்விடயத்தை மிகவும் நிதானமாக ஆராய்ந்தார். வெளியுலகப் பொருட்கள் மனிதனுடைய உடலைப் பாதிக்கலாம், உடல் வழியாக அவனுடைய உணர்ச்சிகளை ஒரு பக்கம் சாய்க்கலாம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அறிவையும் சுயாதீன மனத்தையும் அவை கட்டாயப்படுத்த முடியாது என்கிறார். சாய்வு வேறு, கட்டாயம் வேறு. இன்றைய விஞ்ஞானம் பருவகாலத்தைப்பற்றியும் வயது வரிசையைப்பற்றியும் கண்டவை யாவும் சாய்வுகளே. எதுவும் கட்டாயமல்ல.

1992-ம் ஆண்டு பாப்பரசர் 2-ம் அருளப்பர் சின்னப்பர் வெளியிட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், சாதகம் பார்ப்பதையும் குறி கேட்பதையும் 2116-ம் இலக்கத்தில் விலக்குகிறது. எதிர்காலத்தையும் பிறரையும் தன் கைக்குள் அடக்க விரும்பும் ஆசை, ஆண்டவர் ஒருவருக்கே உரிய அன்பு கலந்த பயபக்திக்கு மாறானது என்பதே அதற்குக் காரணம்.

பிறவிக் குருடனைக் கண்ட சீடர்கள் யேசுவிடம் கேட்ட கேள்வி நினைவிருக்கிறதா? பாவஞ் செய்தவன் இவனா, இவனைப் பெற்றவர்களா என்பதே அது. அருளப்பர் நற்செய்தி 9-ம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். பிறப்பிலே பழியைத் தேடும் அக்கேள்வியை ஆண்டவர் ஏற்கவில்லை. கடவுளின் செயல் அவனிடத்தில் வெளிப்பட வேண்டும் என்று சொல்லி, அவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார்.

திருச்சபையின் திருநாட் கணக்கையும் கவனியுங்கள். பிறந்த நாளைத் திருச்சபை விழாவாகக் கொண்டாடுவது மூவருக்கே: டிசம்பர் 25-ல் எமது ஆண்டவருக்கு, செப்டெம்பர் 8-ல் தேவமாதாவுக்கு, யூன் 24-ல் புனித ஸ்நாபக அருளப்பருக்கு. மற்றப் புனிதர்களுக்குப் பெரும்பாலும் அவர்கள் இறந்த நாளையே விண்ணகப் பிறந்தநாள் என்று திருச்சபை கொண்டாடுகின்றது. எந்த நாளில் வந்தான் என்பதிலும், எப்படி வாழ்ந்து முடித்தான் என்பதே அதற்குப் பெரிது.

நாம் செய்யக் கூடியவை

பெற்றோருக்கு: பிள்ளை பின்தங்கினால் முதலில் அதன் வயதை வகுப்பிலுள்ள மற்றவர்களின் வயதோடு ஒப்பிடுங்கள். நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதப் பிள்ளையாயின் அதை ஆசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல், ஆறு மாதத்துக்கு முன் உங்கள் பிள்ளை இருந்த நிலையோடு ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும் வயதின் மேற் போட்டுவிடவும் வேண்டாம்; கண்பார்வையும் காது கேட்டலும் சரியா என வைத்தியரிடம் காட்டுங்கள். சாத்திரியாருக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு மூக்குக் கண்ணாடி வாங்கலாம்.

ஆசிரியர்களுக்கு: வகுப்பு இடாப்பில் பெயருக்குப் பக்கத்திற் பிறந்த மாதத்தைக் குறித்து வையுங்கள். வகுப்புத் தலைவர், பேச்சுப் போட்டிக்காரர், முன்வாங்குக்காரர் ஆகியோர் எந்த மாதங்களிற் பிறந்தவர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

எமக்கும் இதிற் பாடமுண்டு. பீடப் பணியாளர்களைத் தெரிவு செய்யும்போது உயரமான, துடிப்பான, மந்திரங்களை வேகமாக ஒப்புவிக்கும் பையன்களையே நான் பல வருடங்களாக எடுத்து வந்திருக்கிறேன். அத்தாயோடு பேசிய பின், எமது பட்டியலை எடுத்துப் பிறந்த திகதிகளைப் பார்த்தேன். பெரும்பாலோர் பெப்ரவரி, மார்ச், ஏப்ரில் பிள்ளைகள். டிசம்பர், ஜனவரிப் பிள்ளைகள் ஏறக்குறைய இல்லை. அவர்கள் பக்தியிற் குறைந்தவர்களல்லர். நான் சற்றுக் காத்திருக்கவில்லை.

அன்று விறாந்தையில் அத்தாய்க்கு இவ்வளவையும் சொல்ல நேரம் இருக்கவில்லை. "அம்மா, தம்பியிலை ஒரு பிழையுமில்லை. அவன் வகுப்பிலை ஆகச் சின்னவன். அவ்வளவுதான்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்று, மகனின் தலையைத் தடவினார். அடுத்த கிழமை ஆசிரியையிடம் போய்ப் பேசியிருக்கிறார். இப்போது பையன் முன்வாங்கில் இருக்கிறான். எழுத்து இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை. மெல்ல மெல்ல வருகிறது. ஆனால் அந்த வீட்டிற் சாதகப் பேச்சு நின்றுவிட்டது. வருகிற வருடம் அவனைப் பீடப் பணிக்கு எடுக்கலாம் என்றிருக்கிறேன்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எமது வீட்டில் பிறந்த நாளையோ நேரத்தையோ காட்டி யாராவது ஒருவரைக் குறைவாகப் பேசியதுண்டா? அவரிடம் இன்று என்ன சொல்ல வேண்டும்?

2. எமது பிள்ளைகளுக்கு நாம் வைத்திருக்கும் பட்டப் பெயர்கள் எவை? அவை அவர்களை வளர்க்கின்றனவா, தாழ்த்துகின்றனவா?

3. கலியாணப் பேச்சில் மாப்பிள்ளையின் அல்லது பெண்ணின் குணம், விசுவாசம், உழைப்பு ஆகியவற்றைப்பற்றி விசாரித்தோமா, சாதகத்தைப்பற்றி விசாரித்தோமா?

4. எமது பிள்ளைகள் திருமுழுக்குப் பெற்ற திகதி எமக்குத் தெரியுமா? பிறந்த நாளோடு அந்நாளையும் இவ்வருடம் முதல் வீட்டில் நினைவுகூருவோமா?